குட்டிக்குப் பேப்பர் இருக்கிறது, தாய்க்குக் கணக்கு இருக்கிறதா?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலோ, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையிலோ ஒரு காங்கயம் கிடாரிக்கு விலை பேசுகிறவரைக் கவனித்தால் ஒன்று புரியும். துண்டுக்கடியில் விரல் பிடிப்பதற்கு வெகு முன்பே விசாரணை தொடங்கிவிடுகிறது. யார் தொழுவத்து மாடு, தாய் எத்தனை ஈத்து ஈன்றது, எந்தக் காளைக்குச் சேர்த்தது, தாய் இன்னும் அங்கேயே நிற்கிறதா என்று கேள்விகள் வரும். சுழியும் பல்லும் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை பெயர் வாங்கியதும் இந்த வழியில்தான். தாய்வழி, தந்தைவழி தெரிந்த கால்நடையைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கினார்கள். அதே கொங்கு மண்ணில், கோவை சரவணம்பட்டியிலோ திருப்பூர் அவிநாசி சாலையிலோ இருக்கும் ஒரு குடும்பம் லேப்ரடார் குட்டி வாங்கும்போது கேட்பது ஒரே கேள்வி: ‘பேப்பர் இருக்கா?’ வாட்ஸ்அப்பில் நான்கு படம், ஜிபேயில் முன்பணம், வீட்டு வாசலில் குட்டி. அதன் தாய் எங்கே, எப்படி இருக்கிறது, இது அதற்கு எத்தனையாவது ஈத்து என்று கேட்பவர் அரிது. தாயைப் பற்றிய பதிவு இல்லாமல் நாய் இனப்பெருக்கத்தை எந்தச் சட்டத்தாலும் ஒழுங்குபடுத்த முடியாது. நம்மிடம் இல்லாமல் இருப்பது அந்தப் பதிவுதான்.

முதலில், அந்தப் பேப்பர் என்ன சொல்கிறது? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப், அதாவது கேசிஐ, தருகிற வம்சாவளிச் சான்றையே சந்தையில் ‘பேப்பர்’ என்கிறார்கள். பெற்றோர் இரண்டு, அவற்றின் பெற்றோர் நான்கு, அதற்கு முந்தைய தலைமுறை எட்டு என மூன்று தலைமுறைச் சான்றில் 14 பெயர்கள் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல ஆவணம். அப்பா பக்கத்திலும் அம்மா பக்கத்திலும் ஒரே பெயர் வருகிறதா என்று விரல் வைத்துத் தேடினால், நெருங்கிய உறவுக்குள் சேர்த்தார்களா என்பது தெரிந்துவிடும். அண்ணன் தங்கையையோ தகப்பன் மகளையோ சேர்த்துப் பிறந்த குட்டியின் உட்கலப்பு விகிதம் 25 சதவீதம். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவற்றைச் சேர்த்தால் 12.5 சதவீதம். மறைந்து கிடக்கும் பரம்பரை நோய்கள் வெளியே வருவது இப்படிப்பட்ட சேர்க்கையில்தான். ஆனால் தாயின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயில் எப்படி இருந்தது, கண் பரிசோதனை நடந்ததா, காது கேட்கிறதா, இது எத்தனையாவது ஈத்து என்பதெல்லாம் வம்சாவளிச் சான்றின் வேலை அல்ல. அது பிறப்பைச் சொல்லும், வளர்ப்பைச் சொல்லாது. வாங்குபவரோ அதையே தரச் சான்று என்று எடுத்துக்கொள்கிறார். விற்பவரும் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், பதிவு என்ற பெயரில் நாம் நான்கு வேறு வேறு காரியங்களைச் செய்வது. கேசிஐ தனி நாயின் வம்சாவளியைப் பதிகிறது. ஹரியாணா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வளப் பணியகம் ஓர் இனத்தையே பதிகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்றும் அங்கே இடம்பெற்றிருக்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியம் இனப்பெருக்கம் செய்பவரைப் பதிய வேண்டும். உள்ளாட்சி அமைப்பு, வளர்ப்பவருக்கு உரிமம் தர வேண்டும். ‘அரசு பதிவு பெற்ற இனம்’ என்று சொல்லி ஒருவர் சிப்பிப்பாறைக் குட்டியை விற்றால், கர்னாலில் பதிவானது சிப்பிப்பாறை என்ற இனம்தானே தவிர, கூண்டுக்குள் நிற்கும் அந்தக் குட்டி அல்ல. நான்கு ஏடுகளும் தனித்தனி அலுவலகங்களில் இருக்கின்றன. ஒன்றில் உள்ள விவரம் மற்றொன்றுக்குத் தெரியாது. இத்தனை பதிவு இருந்தும், ஒரு பெட்டை நாய் போன வருடம் எத்தனை முறை குட்டி போட்டது என்ற எளிய கேள்விக்கு எங்கும் விடை கிடைக்காது.

அந்தக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் சட்டமே நிற்காது. 2017ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை) விதிகளைப் படித்துப் பாருங்கள். பெட்டை 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வயதைத் தாண்டிய பெட்டையைச் சேர்க்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கடைசி விதியைத் தவிர மற்ற எல்லாமே தாயின் வயதையும் ஈத்துக் கணக்கையும் பற்றியவை. கடைசி விதியும் தாயிடமிருந்து குட்டியைப் பிரிப்பதைப் பற்றியதே. விதியை எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்தத் தாய்தான் அந்தத் தாய் என்று சோதித்துப் பார்க்க வழி இல்லாதபோது, வீட்டின் பின்கட்டில் இரண்டு பெட்டைகளை வைத்து வருடம் நான்கு ஈத்து எடுப்பவரை யார், எப்படிக் கேட்பது? அவர் காட்டுகிற நோட்டுப் புத்தகத்தை நம்புவதைத் தவிர ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு வேறு வழியில்லை.

விதி சொல்லும் எண்ணிக்கையைச் சிலர் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்கலாம். கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். பெட்டை நாய் சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஒன்பது வாரம். எட்டொன்பது மாதத்தில் வரும் முதல் பருவத்திலிருந்து ஒன்றையும் விடாமல் கிராசுக்கு விட்டால், நான்கு வயதுக்குள் ஆறு ஈத்து எடுத்துவிடலாம். விதிப்படி நடந்தால் அதே வயதுக்குள் மூன்றுதான். முதல் வகைத் தாய், தன் உடல் வளர்ந்து முடிவதற்குள் சினையாகிறது; ஒரு கூட்டத்துக்குப் பால் கொடுத்துத் தேறுவதற்குள் அடுத்தது வயிற்றில். பால் கொடுக்கும் காலத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கி இழுப்பு வருவது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த அவசர நிலை. குட்டிக்கும் இதில் பங்கு உண்டு. சீம்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கி, தடுப்பூசி இன்னும் வேலை செய்யத் தொடங்காத இடைவெளியில்தான் பார்வோ போன்ற நோய்கள் தாக்குகின்றன. ஒன்றரை மாதம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி, கை மாற்றிக் கை மாற்றிப் பயணம் செய்யவைப்பது சரியாக அந்த இடைவெளியில். கடி எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதையும் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான். அந்தப் பாடம் முடியாமல் வருகிற குட்டி, பிறகு வீட்டுக் குழந்தையின் கையில் பழகும்.

இதைப் புரிந்துகொண்ட நாடுகள் சட்டத்தைத் தாயைச் சுற்றியே அமைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘லூசி சட்டம்’, வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட, ஓயாமல் ஈன்று உருக்குலைந்த ஒரு பெட்டை நாயின் பெயரைத் தாங்கியது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகரோ கடையோ வணிகமாக விற்க அது தடை விதித்தது. குட்டி பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். அதற்கு முன்பே, 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் வம்சாவளி நாய்களின் நோய்களை வெளிச்சம்போட்டுக் காட்டியபின், 1873இல் தொடங்கிய லண்டன் கென்னல் கிளப், உடன்பிறப்புகளையும் பெற்றோர் பிள்ளைகளையும் சேர்த்துப் பிறந்த குட்டிகளைப் பதிவதை நிறுத்தியது. பதிவேட்டை வைத்திருப்பவர், ‘இதைப் பதிய மாட்டேன்’ என்று ஒரு வரி சொன்னால் சந்தை எப்படி நடக்கும் என்பதையே மாற்றிவிடலாம்.

நம் ஊரில் இந்த வழியை விட்டுவிட்டுத் தடைப் பட்டியலைத்தான் கையில் எடுக்கிறோம். 2024 மார்ச்சில் 23 வகை நாய்களை மூர்க்கமானவை என்று சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களின் இனப்பெருக்கத்தைத் தடுக்க முனைந்தது. எதிர்ப்பு வந்ததும் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. பனிப் பிரதேச நாயைக் கோவை வெயிலில் பெருக்குவது சரியில்லை என்ற அக்கறை நியாயமானது. ஆனால் பட்டியலில் இல்லாத லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் கூண்டில் எத்தனை முறை ஈன்றாலும் பட்டியல் கவலைப்படாது. தடை விழுந்த இனமோ வேறு பெயரில், மறைவாக விற்பனையாகும். அப்போது தாயைப் பார்ப்பது இன்னும் கடினம். நாட்டு இனம் என்ற முத்திரையும் தானாகக் காப்பாற்றாது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறையே நாட்டு நாய்களுக்காக ஓர் இனப்பெருக்கப் பிரிவை நடத்திவந்தது. அங்கே நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றிய புகார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2016இல் அதை மூட உத்தரவானது. நல்ல நோக்கத்துக்காகத் தொடங்கிய அரசு நிறுவனத்துக்கே இதுதான் கதி என்றால், கூண்டுக்குள் இருக்கும் தாயின் நிலையைக் கேட்காத எந்த ஏற்பாடும் நிலைக்காது.

நாட்டு இனங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு ராஜபாளையமே சான்று. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்ன பிறகு கேட்பு இன்னும் கூடியது. கொங்குத் தோட்டங்களிலும் இப்போது இந்த நாய்களை வாங்கிக் கட்டுகிறார்கள். ராஜபாளையம் என்றால் மாசு மருவில்லாத வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று சந்தை எதிர்பார்க்கிறது. நிறமி இல்லாத வெள்ளைக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் பகுதி உயிரோடு இருக்க நிறமிச் செல்கள் தேவை. காது கேட்கிறதா என்று பார்க்க, குட்டியின் பின்னால் நின்று கை தட்டுவார்கள், தட்டைப் போட்டுச் சத்தம் எழுப்புவார்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும். திரும்பிப் பார்க்கும், வாலாட்டும். நல்ல விலைக்கும் போகும். அதுவே நாளை தாயாகி, அதே குறையை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும். மூளைத்தண்டின் மின் அலைகளை அளக்கும் சோதனையில்தான் ஒருபக்கச் செவிடு பிடிபடும். அந்த முடிவு தாயின் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருந்தால் அவளை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கலாம். குடும்ப நாயாக அவள் நிம்மதியாக வாழலாம். எழுதப்படாவிட்டால், காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இனத்தைக் கெடுப்போம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தூய இனம் என்ற எண்ணமே தவறு, மூடிய பதிவேடுதான் உட்கலப்பை வளர்க்கிறது, எனவே பதிவை வலுப்படுத்தக் கேட்பது நோயை வலுப்படுத்துவது என்பார்கள். இதில் உண்மை உண்டு. கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலை இன்றைய நிலையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று 2023இல் நார்வே உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இதயக் கோளாறும், மூளைக்கு இடம் போதாத மண்டையோடும் அந்த இனத்தில் அவ்வளவு பரவிவிட்டன. ஆனால் இந்த நோய் இவ்வளவு நாய்களுக்கு இருக்கிறது என்று சொல்ல முடிந்ததும் பதிவுகளால்தான். மருந்தும் அதே ஏட்டில் இருக்கிறது. டால்மேஷன் நாய்களுக்கெல்லாம் யூரிக் அமிலக் கோளாறு இருந்தது, அவற்றில் பல சிறுநீர்க் கற்களால் அவதிப்பட்டன. அமெரிக்காவில் மரபியலர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்துக் குறையில்லாத வழியை உருவாக்கினார். அதை அமெரிக்கக் கென்னல் கிளப் முறையாக ஏற்றுக்கொண்டது 2011இல். தூய்மையின் பெயரால் நாற்பது ஆண்டுக்கும் நெருக்கமாகத் தடுத்தது பிடிவாதம்; கடைசியில் கதவைத் திறக்க முடிந்ததற்குக் காரணம், எந்த நாயில் என்ன கலந்தது என்ற துல்லியமான கணக்கு. ஏடு தூய்மைக்கான வேலியாக இருக்க வேண்டியதில்லை. நலத்துக்கான கணக்காக இருந்தால் தேவைப்படும்போது வேலியைத் திறக்கவும் முடியும்.

தெருவெல்லாம் நாய்கள் இருக்கும்போது எதற்கு இனப்பெருக்கம், தத்தெடுத்தால் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலப் பட்டியில் அடைத்த ஆடுகளைத் தெருநாய்கள் கூட்டமாகக் கடித்துக் கொன்று, செத்த ஆடுகளோடு விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலைக்கு வந்ததை மறந்துவிட்டு இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. தத்தெடுப்பவரை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனாலும் காவலுக்கோ வழிகாட்டலுக்கோ மோப்பத்துக்கோ குறிப்பிட்ட குணமுள்ள நாயைத் தேடுபவர் இருந்துகொண்டே இருப்பார். சட்டம் தடுத்தாலும் அந்தத் தேவை தரகரிடம் போகும். தெருநாய்ப் பெருக்கத்தின் பெரும்பகுதி தெருவிலேயே பிறப்பது, அதற்குக் கருத்தடையும் குப்பை ஒழுங்கும் வேண்டும். அதோடு, நோயாளியாகப் பிறந்ததாலோ குணம் ஒத்துவராததாலோ புறவழிச்சாலையோரம் இறக்கிவிடப்படும் வளர்ப்பு நாய்களும் சேர்கின்றன. ஒரு நாயின் தோலடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண்ணைப் படித்தால் அதைப் பெருக்கியவர் யார், விற்றவர் யார், கடைசியாக வைத்திருந்தவர் யார் என்று தெரிகிற நாளில், சாலையோரம் இறக்கிவிடும் கை தயங்கும். இனப்பெருக்கப் பதிவு தெருநாய்ப் பிரச்சினைக்கு எதிரானது அல்ல, அதன் தீர்வில் ஒரு பகுதி.

மூன்றாவது மறுப்பு கொங்கு விவசாயிக்கு நன்கு பழக்கமானது: பதிவு என்று ஆரம்பித்துச் சாமானியனை நசுக்குவார்கள். 2019இல் தமிழ்நாடு மாட்டின இனப்பெருக்கச் சட்டம் காளைகளுக்குச் சான்று கேட்டபோது, ஊர்க் காளைகளை ஒழிக்கவே இது என்று இந்தப் பகுதியில் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். அந்த அச்சம் அசட்டுத்தனமானதல்ல. மத்திய விதிகளின்படி இனப்பெருக்கம் செய்து விற்பவர் பதிவுக்கு ரூ.5,000 கட்ட வேண்டும். நாற்பது பெட்டை வைத்திருக்கும் பண்ணைக்கு அது ஒரு குட்டி விலையில் ஒரு துளி. வீட்டில் ஒரே பெட்டை வைத்து ஆயுளில் ஒன்றிரண்டு ஈத்து எடுப்பவருக்கு அது பாரம். எனவே கட்டணம் பெட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏற வேண்டும். ஒரு பெட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு இலவசமாக இருக்கட்டும், நான்கைத் தாண்டியவருக்கு ஆய்வும் கட்டணமும் கடுமையாகட்டும். சாமானியரைக் காப்பாற்றும் வழி பதிவைக் கைவிடுவது அல்ல. பதிவின் சுமையை லாபத்தின் அளவுக்கு வைப்பது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மைக்ரோசிப் என்பது அரிசி அளவில் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசி வழியாகத் தோலடியில் வைப்பார்கள். கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும். தாயின் அந்த எண்ணே தனித்தனி ஏடுகளைக் கோக்கும் நூலாக இருக்க வேண்டும். கேசிஐ சான்றில், விலங்குகள் நல வாரியப் பதிவில், மாநகராட்சி உரிமத்தில், குட்டி விற்ற ரசீதில் அதே எண் இருக்கட்டும். ஒவ்வொரு ஈத்தும் அந்த எண்ணில் ஏறட்டும். ஆறாவது ஈத்தைக் கணினியே ஏற்காது. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் கண், காதுச் சோதனைகளும் அங்கே நியாயமான கட்டணத்தில் கிடைத்து, முடிவுகள் அந்த எண்ணுக்கு நேரே யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தால், நேர்மையாக வளர்ப்பவருக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை. சந்தேகம் வந்தால் இரத்தமோ உமிழ்நீரோ எடுத்து மரபணுச் சோதனை செய்து, இந்தக் குட்டி இந்தத் தாய்க்குத்தான் பிறந்ததா என்று உறுதிசெய்யலாம். கோவையில் கண்காட்சி நடத்தும் சங்கங்கள், சோதனை முடிவு பதிவாகாத நாயைப் போட்டி வளையத்துக்குள் விடுவதில்லை என்று முடிவெடுத்தால், சட்டம் வருவதற்கு முன்பே வழக்கம் வந்துவிடும்.

அரசு இதைச் செய்யும்வரை வாங்குபவர் கைகட்டி நிற்கத் தேவையில்லை, ஏனென்றால் இந்தச் சந்தை அவர் பணத்தில்தான் ஓடுகிறது. குட்டி பிறந்த இடத்துக்கு நேரில் போங்கள். தாயைப் பாருங்கள்: மடி, உடம்பு, கண், அது மனிதரை எப்படிப் பார்க்கிறது என்பது வரை. வயது எவ்வளவு, எத்தனையாவது ஈத்து, கடைசியாக எப்போது ஈன்றது, எக்ஸ்ரே எடுத்தாயிற்றா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். நல்ல பிரீடர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்; உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா, பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று திருப்பிக் கேட்பார். ‘தாய் ஊரில் இருக்கு, போட்டோ அனுப்பறேன்’ என்று பதில் வந்தால், எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும், கையில் எத்தனை பேப்பர் இருந்தாலும், வாங்காமல் திரும்புங்கள். மாட்டுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியை நாய்க்கும் கேட்பது கொங்கு நாட்டுக்குப் புதிய பாடம் அல்ல.